கருவுக்கு முந்திய உணவு: இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்துத் தமிழகத்தில் ஊட்டச்சத்து – கருத்தரிப்பு ஆய்வின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைப்பேறின்மைக்கான மருத்துவம் இன்று கருமுட்டை, விந்தணு, ஹார்மோன் ஆகிய சொற்களால் பேசப்படுகிறது. உடலின் உணவுநிலையும் இரத்தத்தின் வேதிநிலையும் அம்மருத்துவத்தின் பயனைப் பாதிக்கின்றன என்னும் கருத்து அதனுள் அண்மைக்காலப் புதுமைபோல் அறிமுகமாகிறது. ஆனால் இத்தொடர்பைக் காட்டிய அடிப்படை ஆய்வுகளுள் சில 1919 முதல் 1931 வரையிலான ஆண்டுகளில் குன்னூரிலும் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் நடந்தவை. அவற்றில் பஞ்சாலைப் பெண்களுக்கு முதன்மையான இடமுண்டு. அவ்வறிவு பேறுகால நலத்திட்டங்களாக வடிவெடுத்தபோது கருவுறுதலுக்கு முந்திய காலம் திட்டங்களின் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். பஞ்சாலைகளும் விசைத்தறிகளும் நிறைந்த இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து இவ்வாதம் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கருத்தரிப்பு, ஊட்டச்சத்து, இரத்தசோகை, ஃபோலிக் அமிலம், லூசி வில்ஸ், மெக்காரிசன், சுப்பாராவ், பஞ்சாலைப் பெண்கள், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்.

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூரின் புகழ்மிக்க மகள் பெற்றெடுக்கப்பட்டவள் அல்லள், கண்டெடுக்கப்பட்டவள். துளசிச் செடியின் கீழ்க் கிடைத்த குழந்தையைப் பெரியாழ்வார் வளர்த்தார் என்பது அவ்வூரின் மூலக்கதை. கண்ணனைக் குழந்தையாகக் கொண்டு பருவந்தோறும் பாடி, பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு முன்னோடியான பாசுரங்களை ஆக்கியவரும் அவரே. பிள்ளைப்பேற்றின் ஏக்கமும் வளர்ப்பின் நிறைவும் ஒருங்கே தங்கிய ஊர் அது. ஆயினும் தமிழ்ச் சமூகம் அக்கதையிலிருந்து தத்தெடுத்தலுக்கான இசைவைப் பெற்றதைவிட, மகப்பேற்றுக்கான வேண்டுதலையே மிகுதியாகப் பெற்றது. திருக்குறள் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்கியது. திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரம் கர்ப்பக் கிரியையைத் தனிப்பகுதியாக விரித்தது. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் (2010) காலனியக் காலத் திருச்செங்கோட்டில் குழந்தையில்லா இணையர் படும் அவமானத்தைப் பேசியது. ‘மலடி’ என்னும் சொல் பேச்சில் வழங்கும் அளவுக்கு அதன் ஆண்பால் வடிவம் வழங்குவதில்லை. பழி யார்மீது விழுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இவ்விலக்கியச் சான்றுகளில் உணவு அரிதாகவே வருகிறது. ஊழ், சாபம், விந்தின் தன்மை, மூச்சின் ஓட்டம் முதலியவை காரணங்களாகின்றன. கஞ்சிக் கலயம் காரணமாவதில்லை. சித்த மருத்துவம் பாண்டு நோயை அறிந்திருந்தது. அன்னபேதிச் செந்தூரம் போன்ற இரும்புச் சத்துடைய மருந்துகளை அதற்கு வழங்கியும் வந்தது. ஆனால் வெளிறிய பெண்ணின் இரத்தத்தையும் அவளது கருவறையையும் ஒரே உணவுக்கேள்வியாக இணைத்துப் பார்க்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் ஆய்வகங்களில்தான் முறைப்படத் தொடங்கியது. அதற்கு முன்பே அவ்விணைப்பைப் பெரும் அளவில், கொடிய முறையில் காட்டிய நிகழ்வு ஒன்றுண்டு. அது பஞ்சம்.

தாது வருடமும் பிறவாக் குழந்தைகளும்

1876–78ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைத் தமிழர் தாது வருடப் பஞ்சம் என்றே நினைவில் வைத்துள்ளனர். அக்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோதுதான் அது பிரிந்தது. மாவட்டப் பெயர் ஒன்றாயினும் நீர் ஒன்றன்று. தாமிரபரணிப் பாசனம் இவ்வட்டாரத்திற்கு எட்டாது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கண்மாய்களும், கிழக்கே செல்லச்செல்ல விரியும் கரிசல் மானாவாரி நிலமுமே இதன் வாழ்வாதாரம். மழை பொய்த்தால் இரண்டும் பொய்க்கும்.

அப்பஞ்சத்தின் ஆவணங்களில் நன்கறியப்பட்டது கூலிச்சண்டை. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள், உழைக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் எனக் கணக்கிட்டார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அதை எதிர்த்தார். உயிரைத் தாங்கும் அளவும் உழைப்பைத் தாங்கும் அளவும் வேறு என்பது அவர் வாதம். 1877இல் அளவு பின்னர் உயர்த்தப்பட்டது. தமிழக ஊட்டச்சத்து வரலாற்றை இந்தச் சண்டையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். உணவு ‘எவ்வளவு’ என்னும் கேள்வி அரசு ஆவணத்தில் உடலியல் மொழியில் எழுப்பப்பட்ட தொடக்கத் தருணங்களுள் அது ஒன்று.

இறப்புகளைப் பற்றி எழுதியோர் பலர். பிறப்புகளின் வீழ்ச்சி அத்துணைக் கவனம் பெறவில்லை. மக்கள்தொகையியலாளர் டிம் டைசன் 1991இல் வெளியிட்ட தெற்காசியப் பஞ்சங்கள் குறித்த ஆய்வில் சென்னை மாகாணப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டார். பதிவான பிறப்புகளை ஒன்பது மாதம் பின்னோக்கி நகர்த்தினால் கருவுறுதலின் மாதங்கள் கிடைக்கும். அவ்வாறு நோக்கும்போது, பஞ்சம் கருவுறுதலையே பெருமளவு நிறுத்தியது தெரிகிறது. கணவனும் மனைவியும் பிழைப்புத் தேடிப் பிரிந்தது ஒரு காரணம்; கருச்சிதைவு மற்றொன்று. உணவின்றி மெலிந்த உடல் மாதவிடாயை நிறுத்திக்கொண்டது மூன்றாவது. 1943 வங்கப் பஞ்சத்திலும், 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பட்டினியிலும் இதே வடிவம் மீண்டும் தோன்றியது.

இதன் உயிர்வேதியியல் விளக்கம் ஒரு நூற்றாண்டு கழித்தே வந்தது. உடற்கொழுப்பின் அளவுக்கும் மாதவிடாய்க்கும் தொடர்புண்டு என ரோஸ் ஃபிரிஷ் 1974இல் வாதிட்டார். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் 1994இல் கண்டறியப்பட்டது. உடலில் ஆற்றல் இருப்பு குறைவு என்னும் செய்தி மூளையின் ஹைப்போதலாமஸுக்குச் சென்றால், அங்கிருந்து சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் ஒழுங்கு தளர்கிறது. தாது வருடத்துப் பெண்ணின் உடல் செய்தது நோயன்று, ஒரு வகைக் கணக்கு. அதை மலடு என அழைத்தது சமூகம்.

குன்னூரின் புறாக்கள்

நீலகிரியின் குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் நாய்க்கடி வெறிநோய்த் தடுப்பூசிக்காகவே ஏற்பட்டது. முதல் உலகப்போரின் இறுதியில் இராபர்ட் மெக்காரிசன் அங்கு உணவுக்குறை நோய்களை ஆராயத் தொடங்கினார். அவ்வாய்வுப் பிரிவே பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்களாக வளர்ந்தது. 1950களின் இறுதியில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

மெக்காரிசனின் தொடக்கச் சோதனைகள் புறாக்களின்மேல் நடந்தன. தீட்டிய அரிசியை மட்டும் உண்ட புறாக்களுக்குப் பெரிபெரியை ஒத்த நரம்புநோய் வரும் என்பது முன்பே தெரிந்தது. அவர் செய்த புதுமை, இறந்த பறவைகளின் ஒவ்வோர் உறுப்பையும் எடைபோட்டதே. 1919இல் தொடங்கி வெளியான கட்டுரைகளிலும், 1921இல் வந்த குறைநோய் ஆய்வுகள் என்னும் பொருளுடைய நூலிலும் அவர் அளித்த முடிவு இது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, மண்ணீரல், தைமஸ் முதலியன சுருங்கின, விந்தகமும் மிகுந்த சிதைவுக்கு உள்ளானது. சினைப்பைகளும் தப்பவில்லை.

இம்முடிவின் கனம் அக்காலத்தில் போதிய அளவு உணரப்பட்டதாகத் தோன்றவில்லை. ‘உணவு குறைந்தால் பெண் கருவுறாள்’ என்பதைப் பஞ்சம் காட்டியது. ‘வயிறு நிறைய உண்டாலும் உணவில் ஒன்று குறைந்தால் ஆணின் இனப்பெருக்க உறுப்பே சுருங்கும்’ என்பதைக் குன்னூர்ப் புறாக்கள் காட்டின. இரண்டாம் செய்தி இருவகையில் கூர்மையானது. அது அளவிலிருந்து தன்மைக்குக் கேள்வியை நகர்த்தியது. பெண்ணிடமிருந்து ஆணுக்கும் நகர்த்தியது. 1922இல் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவான்சும் கேதரின் பிஷப்பும் எலிகளின் மகப்பேற்றுக்கு இன்றியமையாத ஓர் உணவுக்கூறைக் கண்டனர். அதுவே உயிர்ச்சத்து ஈ. 1936இல் அதற்கிட்ட ‘டோக்கோஃபெரால்’ என்னும் பெயரே மகப்பேறு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. கருவளத்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு, உயிர்ச்சத்துகளின் வரலாற்றில் ஓரச்செய்தி அன்று.

மெக்காரிசனின் அரிசி ஆய்வில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனியிடம் உண்டு. அவரும் ஆர். வி. நாரிஸும் 1924இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவில் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள உறவைப் பற்றியது. பச்சரிசி உண்ட வடசர்க்கார் கடற்கரைப் பகுதியில் பெரிபெரி நிலைத்திருந்தது; புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது பரவலாக இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் தயமின் அரிசிமணிக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. வீட்டு முற்றத்தில் நெல் அவித்த பெண்களின் கைப்பழக்கம், பெயரறியாத ஓர் உயிர்ச்சத்தைக் காத்து வந்தது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் உண்ட கரிசல் வட்டாரம் அவ்வகையில் இன்னும் வலுவான நிலையில் இருந்தது. அத்தானியங்கள் தட்டிலிருந்து விலகி, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி அவ்விடத்தைப் பிடித்தது பின்னைய கதை.

ஆலைப் பெண்களின் இரத்தம்

1928இல் இலண்டன் மருத்துவர் லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்தார். கருவுற்ற பெண்களைக் கொன்றுவந்த ஒருவகைக் கடும் இரத்தசோகையை ஆராய்வதே அவர் பணி. அப்போது இந்தியாவில் மகப்பேற்று இறப்புகள் குறித்த விசாரணையை நடத்திவந்த மார்கரெட் பால்ஃபோர் அவரை அழைத்திருந்தார். பால்ஃபோர், ஷகுந்தலா தல்படேயுடன் இணைந்து பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்களின் பேறுகால நிலைமைகளை ஆராய்ந்து 1930இல் வெளியிட்டவர். எனவே பஞ்சாலையும் கருப்பையும் ஒரே ஆய்வுச் சட்டகத்துக்குள் வந்தது தற்செயலன்று. நூற்பாலைப் பெண்ணின் உடல் இந்திய மகப்பேற்று அறிவியலின் தோற்றுவாய்களுள் ஒன்று.

வில்ஸ் கண்ட இரத்தசோகையில் சிவப்பணுக்கள் குறைந்திருந்தன, ஆனால் பருத்திருந்தன. இரும்புச்சத்துக் குறைவில் அவை சிறுக்கும். ஆகவே அயச்செந்தூரம் போன்ற மருந்துகள் இதற்குப் போதா. கிருமி உண்டா என அவர் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு உணவைக் கணக்கெடுத்தார். நோய் மிகுந்திருந்த ஏழைப் பெண்களின் தட்டில் பழமும் கீரையும் புலாலும் அரிது.

1929இல் ஆய்வைக் குன்னூருக்கு மாற்றினார். பம்பாய்ப் பெண்கள் உண்ட உணவையே எலிகளுக்கு இட்டார். சினையுற்ற எலிகள் சோகை கண்டு, ஈனும் முன்பே இறந்தன. ஈஸ்ட் சேர்த்தபோது பிழைத்தன. சான்று முழுமை பெற்றதுபோல் தோன்றியது. ஆனால் எலிகளின் சோகைக்கு எலிப்பேன் பரப்பும் பார்ட்டோனெல்லா என்னும் தொற்றே காரணம் எனப் பின்னர்த் தெரியவந்தது. கருதுகோள் சரி, சான்று தவறு. இம்முரண் அறிவியல் வரலாற்றில் அரிதன்று. எனினும் இங்கு அதற்கு ஒரு பாடமதிப்பு உண்டு. ஊட்டக்குறையும் தொற்றும் ஒரே உடலில் தங்கும்போது எது காரணம் எனப் பிரிப்பது எளிதன்று. கொக்கிப்புழுவும் மலேரியாவும் உள்ள ஊரில் இரத்தசோகையை உணவோடு மட்டும் இணைத்துப் பேசுவோர் இதை நினைவில் கொள்ளல் தகும்.

1931இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியின் கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். ஆண் மருத்துவரை நாடத் தயங்கிய சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமாக 1885இல், மேரி ஷார்லீபின் முயற்சியால் எழுந்த மருத்துவமனை அது. இன்று அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை எனப் பெயர் பெற்றுள்ளது. 1931 ஜூனில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வில்ஸின் கட்டுரை வெளியாயிற்று. கருவுற்ற பெண்களின் பருத்த செல் இரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணமாக்குகிறது என்பது அதன் செய்தி. அவர் பயன்படுத்தியது ‘மார்மைட்’ என்னும் மலிவான கடைப்பண்டம். விலையுயர்ந்த கல்லீரல் சாற்றை வாங்க இயலாப் பெண்களுக்கு அம்மலிவே உயிரானது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெர்னீசியஸ் இரத்தசோகையைக் குணமாக்கிய தூய்மைப்படுத்திய கல்லீரல் சாறு இப்பெண்களுக்குப் பயன்படவில்லை. தூய்மைப்படுத்தாத சாறு பயன்பட்டது. ஆகவே இதில் உள்ள பொருள் வேறு. பெயரில்லாத அப்பொருள் சில ஆண்டுகள் ‘வில்ஸ் காரணி’ என்றே வழங்கியது. பின்னாளில் பி12, ஃபோலிக் அமிலம் என இரு சத்துகளாக அறிவியல் பிரித்தறிந்ததை மருத்துவமனைக் கட்டிலருகிலேயே முன்னுணர்ந்தவர் அவர்.

திருவல்லிக்கேணியிலிருந்து புறப்பட்ட மாணவர்

‘ஃபோலிக்’ என்பது இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடி. 1941இல் ஹெர்ஷல் மிட்செல் குழுவினர் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அப்பொருளைப் பிரித்து அப்பெயரை இட்டனர். கல்லீரலிலிருந்து அதைத் தூய வடிவில் பெற்று, கட்டமைப்பைக் கண்டு, 1945இல் செயற்கையாக உருவாக்கி அறிவித்தது நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகக் குழு. அவ்வாய்வை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதில் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு அமெரிக்கா சென்றார். உடன்பிறந்தாரை அவர் இழந்தது ஸ்ப்ரூ என்னும் குடல்நோயில். ஃபோலேட் உறிஞ்சப்படாமையும் அந்நோயின் ஒரு கூறு. அவரது குழு ஆக்கிய மருந்தே பின்னர் ஸ்ப்ரூவுக்கும் வழங்கப்பட்டது.

வில்ஸும் சுப்பாராவும் சந்தித்ததற்குச் சான்றில்லை. ஒருவர் திருவல்லிக்கேணியின் நோயாளிகளிடம் கேள்வியைக் கண்டார். அதே பகுதியின் பள்ளியிலிருந்து சென்ற மற்றவர் விடையின் வேதி அமைப்பைக் கண்டார். தமிழகப் பாடநூல்கள் இவ்விருவருக்கும் அளித்துள்ள இடம் சொற்பம்.

ஃபோலிக் அமிலத்தின் எதிர்ப்பொருளான மெத்தோட்ரெக்ஸேட்டும் அதே ஆய்வகத்தின் வழிவந்தது. பிரியும் செல்களை அது நிறுத்தும். புற்றுநோய்க்கும், கருக்குழாயில் தங்கிவிட்ட கருவைக் கரைப்பதற்கும் இன்று அது மருந்து. ஃபோலேட்டைத் தடுத்தால் கரு நின்றுவிடும் என்னும் எதிர்மறை உண்மையே, கரு உருவாகவும் நிலைக்கவும் அச்சத்து எவ்வளவு அடிப்படையானது என்பதைக் காட்டுகிறது. டி.என்.ஏ. உருவாக்கத்திற்கு அது வேண்டும். கருமுட்டை முதிர்வதும் விந்தணு பெருகுவதும் கரு பிளவுறுவதும் டி.என்.ஏ. படியெடுத்தலே.

இருபத்தெட்டு நாள்கள்

ரிச்சர்டு ஸ்மித்தெல்ஸும் எலிசபெத் ஹிப்பர்டும் 1965இல் ஃபோலேட் குறைவுக்கும் பிறவி நரம்புக்குழாய்க் குறைக்கும் தொடர்பிருக்கலாம் என எழுதினர். 1991இல் பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கழகம் ஏழு நாடுகளின் 33 மையங்களில் நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. முன்பு அத்தகைய குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களுக்கு, கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் தரப்பட்டது. குறை மீண்டும் ஏற்படுவது 72 விழுக்காடு தடுக்கப்பட்டது.

இங்கு ‘முன்பிருந்தே’ என்னும் சொல்லே முழுப்பொருளும். கருவின் நரம்புக்குழாய் கருவுற்ற ஏறத்தாழ 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. அந்நாளில் பெரும்பாலான பெண்களுக்குத் தாம் கருவுற்றதே உறுதியாகத் தெரியாது. ஆகவே கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வரும் பெண்ணுக்கு வேறெம்மருந்துக்கும் முன்னர் இம்மாத்திரை எழுதப்படுகிறது. வில்ஸின் கோஷா மருத்துவமனை நோயாளிகள் அம்மருந்துச்சீட்டின் முதல்வரியில் மறைந்து நிற்கின்றனர்.

சிகிச்சை அறையில் உணவு

இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் பிறந்தது. அதனை நிகழ்த்திய சுபாஷ் முகோபாத்யாய் அங்கீகாரம் மறுக்கப்பட்டு 1981இல் தற்கொலை செய்துகொண்டார். 1986இல் பம்பாயிலும், 1990இல் கமலா செல்வராஜ் முயற்சியால் சென்னையிலும் இம்முறை வெற்றிபெற்றது. அதன்பின் இத்துறை தமிழகத்தில் பெரிதும் தனியார் மருத்துவமாகவே விரிந்தது. தென்மாவட்டச் சிறுநகரச் சுவர்களில் கருத்தரிப்பு மைய விளம்பரம் இன்று இயல்பான காட்சி. இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்பங்களை நெறிப்படுத்தும் சட்டம் 2021இல்தான் இயற்றப்பட்டது.

இச்சிகிச்சையின் வெற்றியில் உணவுக்கும் உயிர்வேதிநிலைக்கும் எவ்வளவு பங்கு? சான்றுகள் ஒரே குரலில் பேசவில்லை. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2014இல் வெளியானது. சிகிச்சைக்கு முன் ஃபோலேட்டைக் கூடுதலாக உட்கொண்டவர்களிடம் உயிர்ப்பிறப்பு விகிதம் உயர்ந்திருந்ததை அது காட்டியது. ஆனால் அது கண்காணிப்பு ஆய்வு; உட்கொண்டோர் வேறு வகைகளிலும் நலமிக்கோராக இருந்திருக்கலாம். மாறாக, 2020இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில் 2,370 இணைகளின் ஆண்களுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும், அல்லது போலி மாத்திரையும் குலுக்கல்முறையில் தரப்பட்டன. விந்தின் தரத்திலோ உயிர்ப்பிறப்பிலோ வேறுபாடில்லை. உடற்பருமனுள்ள பெண்களுக்குச் சிகிச்சைக்கு முன் ஆறுமாத வாழ்முறைப் பயிற்சி அளித்த நெதர்லாந்துச் சோதனையும் (2016) எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை.

இவற்றிலிருந்து உணவால் பயனில்லை என முடிவுகட்டுவது தவறு. மாத்திரைப்புட்டியே வரம் என்பது அதைவிடத் தவறு. தெளிவான குறைபாடு உள்ள உடலில் அக்குறையை நீக்குவது பயன்தரும். குறையில்லாத உடலில் மேலும் சேர்ப்பது அவ்வாறு பயன்தரும் என்பதற்குச் சான்று வலுவன்று. தைராய்டுச் சுரப்பின் தளர்ச்சி, இன்சுலின் எதிர்ப்பு, அதனோடு சேர்ந்து வரும் சினைப்பை நீர்க்கட்டி நோய், கடும் இரத்தசோகை ஆகியவை இரத்தப் பரிசோதனையில் காணத்தக்கவை, காலமிருந்தால் சீர்செய்யத்தக்கவை. தேவைப்படுவது காலம். ஆனால் சிகிச்சை மையத்தை நாடும் இணையர் பல ஆண்டுப் பழிச்சொல்லைக் கேட்டு, நகையை அடகுவைத்து வரும்போது, மூன்று மாதம் உணவையும் இரத்தத்தையும் திருத்திவிட்டு வருக என்னும் அறிவுரை அவர்களுக்குத் தாமதமாகவே தோன்றும். ஏறத்தாழப் பாதி இணைகளில் ஆண்தரப்புக் காரணமும் உண்டு என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டது. எனினும் முதல் பரிசோதனைக்குத் தனியே அனுப்பப்படுவது பெரும்பாலும் பெண்ணே. குன்னூரில் எடைபோடப்பட்ட விந்தகங்கள் இன்னும் நம் பொதுப்புத்திக்கு வந்துசேரவில்லை.

இராஜபாளையத்தின் ஆலைகளும் பன்னிரண்டாம் வாரமும்

இராஜபாளையம் 1930களில் ஆலை நகரமாயிற்று. பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்ஸை நிறுவினார். 1939இல் மருத்துவப் பஞ்சு தயாரிக்கும் ஆலையும் எழுந்தது. அருகிலுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் விசைத்தறிகள் காயத்துக்குக் கட்டும் துணி நெய்வதில் பெயர்பெற்றவை. நாட்டின் மருத்துவமனைகளுக்குப் பஞ்சும் துணியும் அளிக்கும் வட்டாரம் இது. காலவரிசையும் கருதத்தக்கது: பம்பாய் ஆலைப் பெண்களின் இரத்தத்தை வில்ஸ் ஆராய்ந்துகொண்டிருந்த பத்தாண்டிலேயே தென்கோடிக் கரிசலில் நூற்புத்தொழில் வேரூன்றியது.

1990களுக்குப் பின் தமிழக நூற்பாலைகள் பலவற்றில் மணமாகாத இளம்பெண்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். விடுதியில் தங்கி மூன்றாண்டு பணிமுடித்தால் திருமணச் செலவுக்கு மொத்தத்தொகை என்னும் ஏற்பாடு ‘சுமங்கலித் திட்டம்’ எனப் பெயர்பெற்றுக் கடும் கண்டனத்துக்கும் ஆளாயிற்று. அப்பெயரைச் சற்றே உற்றுநோக்கலாம். மணவாழ்வுக்காகச் சேமிக்கப்பட்டது பணம். அம்மணவாழ்வில் கருவைச் சுமக்கவேண்டிய உடலின் இருப்பு இரவுப்பணியிலும் விடுதி உணவிலும் செலவாயிற்று. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்ட புலனாய்வு தமிழகத்தின் ஆடைத்தொழிலில் பணியாற்றிய ஏறத்தாழ நூறு பெண்களைக் கண்டு பேசியது. மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டில்லா மாத்திரைகள் பணியிடத்தில் தரப்பட்டதையும், பின்னாளில் கருச்சிதைவு உட்படப் பல உடற்சிக்கல்களை அவர்கள் கூறியதையும் அது பதிவுசெய்தது. கூறப்பட்ட சிக்கலுக்கும் மாத்திரைக்கும் உள்ள காரணத்தொடர்பு நிறுவப்பட்டதன்று. ஆனால் வேலைநேரம் குறையாதிருக்க மாதவிடாய் அடக்கப்பட்டது என்பதே போதிய செய்தி.

அரசின் பக்கம் நோக்கினால், ஊட்டச்சத்துத் திட்டங்களில் தமிழகம் இந்தியாவுக்கு முன்னோடி. 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1980இல் உலகவங்கி உதவியுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆகியவை பிற மாநிலங்களும் உலக அமைப்புகளும் பார்த்துக் கற்றவை. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டம் முதலில் 300 ரூபாய் அளித்தது. தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என உயர்ந்து, ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்தது. இவற்றின் பயனை ஐயுற இடமில்லை.

ஆயினும் இத்திட்டங்களின் கண் எங்கே திறக்கிறது? மதிய உணவு பள்ளிக் குழந்தையைக் காண்கிறது. மகப்பேறு உதவி, கருவுற்றதைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவுசெய்யும் பெண்ணைக் காண்கிறது. நரம்புக்குழாய் மூடுவது நான்காம் வாரத்தில். பள்ளியை விட்ட நாளுக்கும் கருவைப் பதிந்த நாளுக்கும் இடையில், ஆலையில் நின்ற ஆண்டுகளும் மணமான முதல் ஆண்டுகளும் கரு தங்காமல் காத்திருந்த ஆண்டுகளும் கிடக்கின்றன. கருவுறாத பெண்ணுக்குப் பதிவேட்டில் பக்கமே இல்லை. குழந்தை இல்லாததால் தாய்சேய் நலத்தின் பயனாளி ஆகாதவள், குழந்தை இல்லாமைக்கான காரணத்தைத் தன் செலவில் தேடவேண்டியவளாகிறாள்.

2013 முதல் பதின்வயதினருக்கு வாரமொருமுறை இரும்பு – ஃபோலிக் அமில மாத்திரை நாடளவில் வழங்கப்படுகிறது. 2018இல் வந்த இரத்தசோகையற்ற இந்தியா இயக்கம், கருவுறாத 20 முதல் 49 வயது வரையிலான பெண்களையும் பயனாளர் பட்டியலில் சேர்த்தது. தாளில் அப்பக்கம் திறந்துவிட்டது. 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர் எனக் கணக்கிட்டது. நான்காவது ஆய்வில் அது 55 விழுக்காடு. அதே ஐந்தாவது ஆய்வில் தமிழகப் பெண்ணொருத்தி சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1.8. பிறப்பைக் குறைப்பதில் வென்ற மாநிலத்தில், பிறப்புக்கு ஏங்குவோரின் உடல்நிலை பொதுச்சுகாதாரக் கேள்வியாகத் தோன்றாமற் போனதற்கு இவ்வெற்றியும் ஒரு காரணமாகலாம்.

இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார அளவில் இக்கேள்வியை ஆராய மூலங்கள் உண்டு. திருநெல்வேலி மாவட்டப் பஞ்சகாலப் பிறப்புப் பதிவுகள், குன்னூர் ஆய்வகம் சென்னை மாகாணத்தில் எடுத்த உணவுக் கணக்கெடுப்புகள், ஆலைத் தொழிலாளர் மருத்துவக் குறிப்புகள், ஓய்வுபெற்ற கிராமச் செவிலியரின் நினைவுகள் ஆகியன அவற்றுள் சில. இறுதியாகக் கூறியவை எழுத்தில் இல்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வீடுவீடாகச் சென்று குடும்பக்கட்டுப்பாட்டை வலியுறுத்திய அதே செவிலியரிடம்தான், குழந்தையில்லாப் பெண்கள் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் மருந்து கேட்டிருப்பர். அவ்வுரையாடல்களைத் தொகுப்பது வாய்மொழி வரலாற்றாய்வாளர் இப்போது செய்யத்தக்க பணி. அச்செவிலியர் பலரும் எண்பதை நெருங்குகின்றனர்.